ஒளிக்கத்தி: மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் லேசர் சிகிச்சை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் தமிழிலே வைத்தியப் பொருள்பற்றிப் பேசுதல் கூடுமோ எனச் சிலர் ஐயுறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எம் முன்னோருக்குத் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். அங்ஙனமாயின், லேசர் என்னும் ஒளியைப்பற்றி இன்று தமிழிற் பேசுவது பெருஞ் சாதனையன்று. எமது கடமை என்றே கூறல் வேண்டும்.

இக்காலத்தில் "லேசர்" என்ற சொல்லுக்கு ஒரு மந்திர சக்தி வந்துவிட்டது. கண் மங்கினால் லேசர். கல்லடைப்பு என்றால் லேசர். நாய்க்குக் கால் நோவு என்றாலும் லேசர். லேசர் உண்டு என்று ஒரு விளம்பரப் பலகை சொல்லிவிட்டால், அங்கே வேறு வைத்தியம் எதையும் விசாரியாமற் பணத்தை எண்ணி வைப்போர் உளர். மறுபுறத்தில், "லேசர் வைத்தாற் கண் எரிந்துபோம்" என்று அஞ்சி, காக்கக்கூடிய பார்வையையும் இழப்போர் உளர். இவ்விரு சாராருக்கும் ஒரே மருந்துதான் உண்டு. அது விளக்கம். அதனை என்னால் இயன்றவரை தரவே இன்று முன்வந்தேன்.

முதலாவதாக, லேசர் என்பது யாது? ஓர் அணுவின்மீது ஏற்ற ஒளி பட்டால், அவ்வணு தன்னிடம் சேர்ந்துள்ள சக்தியை அதே நிறமும் அதே திசையும் உடைய ஒளியாக வெளிவிடும் என 1917ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் எழுதினார். தாளில் இருந்த அக்கருத்துக் கருவியாவதற்கு நாற்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் தேதி, கலிபோர்ணியாவிலே தியடோர் மைமன் என்பவர் ஒரு மாணிக்கக் கோலைப் பலமான மின்னொளியாலே தூண்டி, முதலாவது லேசர்க் கதிரைப் பெற்றார். எங்கள் இரத்தினபுரி மண்ணிலே தோண்டி எடுக்கப்படும் மாணிக்கத்தின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். ஆனாற் செயற்கையாக வளர்க்கப்பட்டது.

சாதாரண விளக்கின் ஒளி பல நிறங்கள் கலந்தது. எத்திசையும் பரந்து செல்வது. லேசர் ஒளியோ ஒரே நிறத்தது, சிதறாமற் செல்வது. இதிலேதான் வைத்தியருக்கு வேண்டிய பயன் அடங்கியிருக்கின்றது. கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் ஒரே வெயிலிற் காயவிட்டால் கறுப்பே முதலிற் சுடும். உடம்பும் அத்தகையதே. பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சும். செந்நிறக்கீழ்க் கதிர்களில் ஒருவகையை நீர் உறிஞ்சும். ஆதலின் எந்த இழையத்தைச் சுட விரும்புகின்றாரோ அதற்கேற்ற நிறத்தை வைத்தியர் தெரிந்தெடுக்கலாம். லேசர் ஒன்றன்று, பல என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, இவ்வொளி நோயாளரிடம் வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டு யூலை மாதத்துச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்து விழித்திரை வெந்துபோன ஒரு மாணவனை, மேயர் சுவிக்கராத் என்னும் ஜேர்மானியக் கண் வைத்தியர் பரிசோதித்தார். கண்ணைக் கெடுத்த அந்த ஒளியே, அளவறிந்து பாவித்தால், கிழிந்த விழித்திரையை ஒட்டவும் உதவாதோ என அவர் சிந்தித்தார். சூரிய ஒளியையே கண்ணாடிகளால் நோயாளரின் கண்ணுட் செலுத்திச் சிகிச்சை செய்தார். முகில் மூடினாற் சிகிச்சையும் நின்றுவிடும்! பின்னர் அவர் மின்விளக்கொளியைக் கையாண்டார். லேசர் பிறந்ததும், 1961ஆம் ஆண்டின் இறுதியிலே நியூயோர்க்கில் மாணிக்க லேசரால் ஒரு நோயாளரின் விழித்திரைக் கட்டி சுடப்பட்டது. கருவி பிறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

எமக்கு மிக நெருங்கிய நோய் நீரிழிவு. அது முற்றினால் விழித்திரையிலே நலிந்த புதுக் குருதிக் குழாய்கள் முளைத்து, உடைந்து, பார்வையைக் கெடுக்கும். விழித்திரையின் ஓரங்களை லேசராற் புள்ளி புள்ளியாகச் சுட்டால், கடும் பார்வையிழப்புப் பாதிக்குமேற் குறையும் என்று 1976ஆம் ஆண்டில் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு நிறுவியது. இதற்கு விலையும் உண்டு: பக்கப் பார்வையும் இராப் பார்வையும் சற்றுக் குறையலாம்.

இன்று வேறொரு வழியும் இருக்கின்றது. புதுக் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணினுள்ளே ஊசியாற் செலுத்துவது அது. அது லேசருக்குத் தாழ்ந்ததன்று என 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. அப்படியாயின் ஊசியே போதுமே என்பீர்கள். பொறுங்கள். ஊசி திரும்பத் திரும்பப் போடவேண்டியது. இடையிலே பல மாதங்கள் வைத்தியரிடம் வராது நின்றவர்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஊசியை மட்டும் பெற்றவர்களின் கண்களே லேசர் பெற்றவர்களின் கண்களிலும் மோசமாயின எனக் கண்டது. இதன் பொருள் யாது? தூரக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாட் கூலியை இழந்து வரவேண்டிய ஒரு தாய்க்கு, பழைய லேசரே புதிய ஊசியிலும் நல்ல மருந்தாகலாம். சிறந்த சிகிச்சை எது என்று நோயை மாத்திரம் பார்த்துச் சொல்ல முடியாது; நோயாளியின் வாழ்க்கையையும் பார்த்தே சொல்லல் வேண்டும்.

மூன்றாவதாக, வாயில்லாச் சீவன்களிடம் வருவோம். இந்தியாவிலே பிறந்த குமார் பட்டேல் என்பவர் 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே, காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்டு ஒரு லேசரை அமைத்தார். அதன் கதிரை நீர் நன்கு உறிஞ்சும். எமது தசையிற் பெரும்பகுதி நீரல்லவா? கதிர் பட்ட இடத்து நீர் கொதித்து ஆவியாக, தசை வெட்டுண்ணும். சிறு குருதிக் குழாய்கள் அப்பொழுதே அடைபடும். இன்று மேனாட்டு மிருக வைத்தியர்கள் அதிகமாய்ப் பாவிக்கும் ஒளிக்கத்தி இதுவே.

பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மென்னண்ணம் நீண்டு மூச்சுக் குழலை மறைப்பதுண்டு. நீண்ட பகுதியை வெட்டவேண்டும். லேசரையும் கத்தரிக்கோலையும் ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, லேசரால் வெட்ட எடுத்த நேரம் பாதிக்கும் குறைவு. ஆனால் நாய்கள் தேறிய வகையிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தேர்ந்த கையிலுள்ள கத்தரிக்கோல், தேராத கையிலுள்ள லேசரிலும் மேலானது என்று துணிந்து கூறலாம். குதிரைகளின் குரல்வளை நோய்க்கோ லேசராற் பெரும் பயன் உண்டு. மெல்லிய இழை வழியாகக் கதிரை மூக்கினூடே செலுத்தி, முழு மயக்கம் கொடாமல், நின்றபடியே சிகிச்சை செய்கின்றார்கள்.

நாயின் கண்ணழுத்த நோய் கொடியது. மிக்க வேதனை தருவது. கண்ணினுள் நீரைச் சுரக்கும் இழையத்தை லேசராற் சுட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். துளி மருந்தும் உண்டு. ஆனால் நாயின் கண்ணழுத்தத்தை நன்கு குறைக்கும் லட்டானோபுரொஸ்ட் என்னும் துளி மருந்து பூனைக்குப் பெரும்பாலும் உதவாது. பார்வை முற்றாகப் போய் நோவு மாத்திரம் எஞ்சினால், அக்கண்ணை அகற்றிவிடுதலே நல்ல வைத்தியம். "ஐயோ, அவலட்சணமாய் இருக்குமே" என்று நாம் நினைக்கின்றோம். நாய்க்குக் கண்ணாடி பார்க்கும் வழக்கம் இல்லை. நோவு நீங்கியதும் அது வாலை ஆட்டிக்கொண்டு உண்ணும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மனிதருக்கு ஆகியது மிருகத்துக்கும் ஆகும் என்று எண்ணி வீட்டிலுள்ள பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரு குளிசையே அதன் உயிரை வாங்கப் போதுமானது.

நான்காவதாக, நாம் மறந்துவிடும் ஒரு கடனைப்பற்றிச் சொல்லவேண்டும். சென்னையிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திலே பயின்ற ரங்கசாமி சிறீனிவாசன் அவர்கள், 1981ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி, நியூயோர்க் மாநிலத்து ஐ.பி.எம். ஆய்வுகூடத்துக்கு விருந்திலே மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டு சென்றார். எக்சைமர் லேசரின் கழியூதாக் கதிரை அதன்மேற் செலுத்தியபொழுது, சுற்றியுள்ள பகுதி கருகாமலே துப்புரவான வெட்டு விழுந்தது. 1983ஆம் ஆண்டில் ரொக்கெல் என்னும் கண் வைத்தியருடன் சேர்ந்து கன்றுகளின் கண்களிலே அதனைச் சோதித்தார். பின்னர் முயல்களிலும் குரங்குகளிலும் சோதனைகள் நடந்தன. 1988ஆம் ஆண்டில், புற்றுநோயால் அகற்றப்படவிருந்த ஒரு மனிதக் கண்ணிலே, அந்நோயாளியின் சம்மதத்துடன், மார்கரீற் மக்டொனால்ட் வைத்தியர் இச்சிகிச்சையைச் செய்தார். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது. இன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு உலாவும் பல இலட்சம் பேரின் பார்வைக்குப் பின்னாலே, பெயரில்லாத அம்முயல்களும் குரங்குகளும் நிற்கின்றன. அவற்றை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆதலின், அவற்றால் அறிந்த வைத்தியத்தை அவற்றின் இனத்துக்கும் கொடுத்தல் ஆடம்பரம் அன்று, நன்றிக்கடன்.

ஐந்தாவதாக, லேசர் வேண்டாத இடங்களையும் அறிதல் வேண்டும். கண்புரையை லேசர் கரைத்துவிடும் என்பது பலரது எண்ணம். உண்மையில் 1967ஆம் ஆண்டில் சாள்ஸ் கெல்மன் கண்ட முறைப்படி, காதுக்குக் கேளாத ஒலி அதிர்வினாலே புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, புது வில்லையை வைக்கின்றார்கள். நீரிழிவாற் புரை படரும் நாய்களுக்கும் இம்முறையே. இதிலும் லேசரைச் சேர்த்துப் பார்த்தார்கள். செலவு கூடிற்றேயன்றிப் பலன் கூடவில்லை என 2020ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சு ஆய்வு தெரிவித்தது. சிறுநீர்க் கல்லை லேசரால் உடைக்கலாம். 1980ஆம் ஆண்டில் மியூனிச் நகரிலே தொடங்கிய முறைப்படி, உடம்பை வெட்டாமல் வெளியிலிருந்து அதிர்ச்சி அலைகளாலும் உடைக்கலாம். நாய்களின் கற்களில் ஒருவகை, தக்க உணவாலும் மருந்தாலுமே கரைந்துபோம்.

இதற்கு மாறாக, லேசரே முதலில் நிற்கத்தக்க இடமும் உண்டு. மனிதரின் கண்ணழுத்த நோய்பற்றி இங்கிலாந்திலே 718 பேரை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, முதலில் லேசர் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்றாண்டுகளின் பின்னும் துளி மருந்தின்றியே இருந்தனர். மருந்து விடுதலைப் பலர் மறந்துவிடும் நோயிலே இது சிறு நன்மையன்று.

வெட்டாத, சுடாத மெல்லிய லேசரும் ஒன்றுண்டு. 1967ஆம் ஆண்டில் புடாபெஸ்ற் நகரத்து மெஸ்ரர் என்பவர் எலிகளின் மயிரை மழித்து இவ்வொளியைச் செலுத்த, மயிர் விரைந்து வளர்ந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் வாய்ப்புண்ணைத் தடுப்பதற்கு அதன் பயன் நன்கு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. ஆனால் நாய்களின் மூட்டு நோவுக்கு அது தரும் பயன்பற்றிய சான்றுகள் இன்னும் ஒருமுகமாய் இல்லை. அத்தகைய நாய்க்கு உடல் நிறையைக் குறைப்பதே பல வேளைகளிற் பெரிய மருந்து. அதற்குக் கருவி வேண்டியதில்லை. நாம் உண்ணும்போது அதன் முகத்தைப் பார்த்து இரங்கி எறியும் வடையை நிறுத்தும் மனவுறுதியே வேண்டும்.

அன்பர்களே, இவ்வளவும் கேட்ட நீங்கள் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை நான்கு கேள்விகள். லேசர் செய்யலாம் என்று வைத்தியர் சொன்னால், மரியாதையுடன் இவற்றைக் கேளுங்கள். இதே நோய்க்கு வேறு வழிகள் எவை? லேசரால் எனக்குக் கிடைக்கும் மேலதிக நன்மை யாது? இதனால் இழப்பது எதுவும் உண்டா? சிகிச்சைக்குப் பின் நான் எத்தனை முறை வரவேண்டும், என்ன செலவாகும்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

உங்கள் பசுவுக்கும் நாய்க்கும் பூனைக்கும் கேள்வி கேட்கும் வாய் இல்லை. அவற்றுக்காக நீங்களே கேட்கவேண்டும். அத்துடன் இன்னுமொன்றையும் கேளுங்கள்: "இது இதன் நோவைக் குறைக்குமா, அல்லது என் மனத்தை மட்டும் ஆற்றுமா?" விடை கசப்பாக இருந்தாலும் அதன்படி நடப்பதே அன்பு. விளையாட்டுக்காக விற்கப்படும் லேசர் விளக்கைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்துப் பூனையின் கண்ணிலோ தம்பி தங்கையரின் கண்ணிலோ பாய்ச்ச விடாதீர்கள். வைத்தியர் அளந்து செலுத்தும் ஒளி பார்வையைக் காக்கும். அளவறியாதவர் செலுத்தும் அதே ஒளி பார்வையைப் பறிக்கும்.