பழைய லாரியின் டீசல் செலவு: பம்ப், நாசில் பராமரிப்பு

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கும்போது, அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு டீசல் போகிறது, எந்த நேரத்தில் போகிறது, எவ்வளவு நுண்ணிய துளிகளாகப் போகிறது என்ற மூன்றும் சரியாக அமைந்தால்தான் அது முழுமையாக எரிந்து இழுவையாக மாறும். ஒன்று பிசகினாலும் டீசலின் ஒரு பங்கு புகையாகவும் வெப்பமாகவும் சைலன்சர் வழியே வீணாகிறது.

கம்ப்யூட்டர் வராத காலத்து லாரிகளில் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வது டீசல் பம்பும் நாசில்களும்தான். 1951-இல் பெங்களூரில் தொடங்கி, இன்று பாஷ் என்ற பெயரில் இயங்கும் மைகோ நிறுவனத்தின் பம்புகள் இந்திய லாரிகளில் பரவலாக இருந்தன. டாடா 697 போன்ற ஆறு சிலிண்டர் என்ஜினின் இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமென்ட் உண்டு. பேரலும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் சேர்ந்ததுதான் எலிமென்ட். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அதனால்தான் ஒரு பேரலில் இருந்த பிளஞ்சரை இன்னொரு பேரலில் போடக் கூடாது.

அளவின் நுட்பத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஆறு நாசில்களும் சேர்ந்து 3,24,000 தடவை டீசலைப் பீய்ச்சுகின்றன. ஒரு தடவைக்குப் போவது சுமார் 40 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவான அளவு இது. ஆகவே சிறிய தேய்மானமும் சிறிய கசிவும் மைலேஜில் தெரிந்துவிடும்.

பராமரிப்பு முறையாக நடக்க, முதலில் உண்மையான மைலேஜ் தெரிய வேண்டும். டேங்கை நிரப்பி, வழக்கமான லோடுடன் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுவதே நம்பகமான வழி. டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்துப்போன ஏர் பில்டர், டாப்பெட் இடைவெளி ஆகியவற்றை முன்னதாகவே சரிபார்த்துவிட வேண்டும். இவற்றில் உள்ள குறைக்காகப் பம்பைக் கழற்றுவது வீண் செலவு. புகையும் வழிகாட்டும். கரும்புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் போகிறது, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. சூடான என்ஜினில் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். அதற்கும் பம்புக்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

அடுத்தது டீசலின் சுத்தம். பம்பையும் நாசிலையும் கெடுப்பவை தூசியும் தண்ணீரும். இன்லைன் பம்பின் பிளஞ்சருக்கு மசகாக இருப்பதே டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகுத்தன்மை குறைந்து எலிமென்ட் தேயும். டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். பில்டர்களை லாரி தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பில்டர் மாற்றிய பிறகு ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே யூனியனோ வாஷரோ தளர்ந்திருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். வண்டி இழுவை விட்டுவிட்டு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது நாசில். எந்த சிலிண்டரில் குறை என்று அறிய, என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹை பிரஷர் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய முறை. நல்ல சிலிண்டர் என்றால் என்ஜினின் சத்தமும் வேகமும் உடனே குறையும். மாற்றமே இல்லை என்றால் கோளாறு அங்கேதான். கழற்றிய நாசிலைக் கை டெஸ்டரில் மாட்டிப் பார்க்கும்போது நான்கு விஷயங்கள் கவனிக்கப்படுகின்றன: குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா, எல்லாத் துளைகளிலிருந்தும் சமமாகத் தூவுகிறதா, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தால் முனை ஈரமாகாமல் இருக்கிறதா, பின்வழிக் கசிவு அளவோடு இருக்கிறதா. இத்தகைய என்ஜின்களில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 பாரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நாளடைவில் ஸ்பிரிங் தளர்ந்து அது இறங்கும். ஷிம் வைத்தோ ஸ்குரூவைத் திருகியோ பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். சொட்டும் நாசிலை மாற்றிவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது புதிய செப்பு வாஷர் அவசியம். டெஸ்டரில் பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை ஒருபோதும் நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்காவது டைமிங். கப்ளிங் போல்ட் நகர்ந்தாலோ கியர் தேய்ந்தாலோ பம்பின் டைமிங் தள்ளிப்போகும். தாமதமாகப் பீய்ச்சிய டீசல், பிஸ்டன் இறங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். இழுவை குறையும், சைலன்சர் சூடேறும். முன்கூட்டியே பீய்ச்சினால் என்ஜின் தட்டும். ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் அடிவாங்கும். சரிபார்க்க, முதல் எலிமென்டின் டெலிவரி வால்வைக் கழற்றி, என்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றுவார்கள். வழியும் டீசல் நிற்கும் புள்ளியே பீய்ச்சல் தொடங்கும் புள்ளி. ஃபிளைவீலில் உள்ள குறி அப்போது கையேட்டில் சொன்ன டிகிரியில் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு குறை தீராவிட்டால்தான் பம்பைக் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்ற வேண்டும். அங்கே ஆறு எலிமென்டுகளும் வெவ்வேறு வேகங்களில் எவ்வளவு டீசல் தருகின்றன என்று அளவுக் குழாய்களில் அளந்து சமப்படுத்துவார்கள். டெலிவரி வால்வையும் கவர்னரையும் சோதிப்பார்கள். இழுவைக்காக அதிகபட்ச டீசல் ஸ்குரூவைத் திருகிக் கூட்டிவைக்கும் பழக்கம் மைலேஜுக்குப் பெரும் கேடு. காற்று அதே அளவுதான் இருக்கும்; கூடுதல் டீசலில் பெரும்பகுதி கரும்புகையாகப் போகும், பிஸ்டனும் அதிகச் சூடு தாங்க வேண்டிவரும். அளவை வைத்த பின் சீல் போடுவது இதனால்தான்.

மைலேஜ் 3.5-லிருந்து 4 கிலோமீட்டராக உயர்ந்தால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3,570 லிட்டர் டீசல் மிச்சமாகும். எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் அதற்கு முந்தைய மைலேஜையும் பிந்தைய மைலேஜையும் டிரிப் நோட்டில் எழுதிவைத்தால், எந்த வேலை பலன் தந்தது என்பது லாரி உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் தெளிவாகத் தெரிந்துவிடும்.