மூன்றாம் வகுப்புக்குக் கூரை வந்த கதை

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, பஞ்சப்படி, ஆட்குறைப்பு என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது வெளிநாட்டு ரயில்களைப் பற்றி இவன் ஏன் பேச வந்தான் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் தோழர்கள் பலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "ஜப்பானில் ரயில் பறக்கிறதாம், ஐரோப்பாவில் எல்லோருக்கும் மெத்தை ஆசனமாம், நாம் மட்டும் ஏன் கக்கூஸ் வாசலில் குந்திக்கொண்டு போகவேண்டும்?" என்கிறார்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்: "அவர்கள் பணக்காரர்கள், நாம் ஏழைகள்." இந்தப் பதில் சரிதானா என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு. நான் இந்த நாடுகளுக்கெல்லாம் போய்வந்தவன் அல்ல. படித்ததையும், போய்வந்தவர்களிடம் விசாரித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ரயில் பிறந்த இங்கிலாந்திலிருந்தே தொடங்குவோம். 1840-ம் ஆண்டு வாக்கில் உலகத்திலேயே பணக்கார நாடு அதுதான். பஞ்சாலைகளும் இரும்பாலைகளும் இரவு பகலாக ஓடின. நம் நாட்டுச் செல்வமும் அங்கேதான் போய்க் குவிந்தது. அப்படிப்பட்ட நாட்டில் மூன்றாம் வகுப்பு வண்டி எப்படி இருந்தது தெரியுமா? கூரை கிடையாது. சில கம்பெனிகளின் வண்டிகளில் உட்காரப் பலகையும் கிடையாது. நிலக்கரி ஏற்றுகிற வாகனைப் போல ஒரு திறந்த தொட்டி, அவ்வளவுதான். மழையும் பனியும் தலையில் விழும். எஞ்சின் கக்குகிற கரியும் தீப்பொறியும் கண்ணில் விழும். இந்தத் தொட்டிகளைச் சாமான் வண்டியோடு கோத்து அகால வேளையில் ஓட்டுவார்கள்.

1841 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். லண்டனில் புதிய பார்லிமெண்ட் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் வேலை செய்த கல்தச்சர்கள் பலர் பண்டிகைக்கு ஊர் திரும்புவதற்காக விடியுமுன் புறப்படும் வண்டியில் ஏறினார்கள். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் சாமான் ரயில் அது. எஞ்சினை அடுத்து மூன்றாம் வகுப்புத் தொட்டிகள். அவற்றின் பின்னால் கனமான சரக்கு வாகன்கள். தொட்டியின் பக்கச் சுவர் இரண்டடி உயரம்தான். ஸான்னிங் என்ற இடத்தில் மழையில் ஊறிய மண்மேடு சரிந்து தண்டவாளத்தை மூடிக் கிடந்தது. எஞ்சின் அதில் மோதி நின்றது. பின்னாலிருந்த சரக்கு நிற்கவில்லை. தொட்டியில் இருந்தவர்கள் வெளியே வீசப்பட்டார்கள், நசுங்கினார்கள். அந்த இடத்திலேயே 8 பேர் மாண்டார்கள். பிறகு இன்னொருவரும் மாண்டார்.

பார்லிமெண்டைக் கட்டியவர்கள் செத்த பிறகுதான் பார்லிமெண்டு கண் திறந்தது. ரயில்வே கம்பெனிகளின் போக்கைக் கட்டுப்படுத்த 1844-ல் ஒரு சட்டம் வந்தது. தினம் ஒரு வண்டியாவது மூன்றாம் வகுப்பு ஜனங்களுக்காக ஓட வேண்டும். அது மணிக்கு 12 மைல் வேகத்துக்குக் குறையக்கூடாது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது. உட்கார ஆசனமும், மழை வெயிலுக்கு மறைப்பும் இருக்க வேண்டும். இதுதான் சட்டம். தோழர்களே, கவனியுங்கள். உலகத்தின் முதல் பணக்கார நாட்டில், ஏழையின் தலைக்கு மேல் ஒரு கூரை போடுவதற்குச் சட்டம் தேவைப்பட்டது! கம்பெனிகள் அதற்கும் ஒரு தந்திரம் செய்தன. ஒரு வண்டி என்றுதானே சட்டம் சொல்கிறது என்று, பல கம்பெனிகள் அந்த ஒரு வண்டியை மட்டும் யாருக்கும் வசதிப்படாத நேரமாகப் பார்த்து விட்டன.

இவர்கள் கூரை போடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன், ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதைப் படிக்காமல் இருந்தால். அவர் பெயர் ஜூல் டுபுயி. நம்மவர் அல்ல, புரட்சிக்காரரும் அல்ல. பாலமும் சாலையும் போடுகிற சர்க்கார் எஞ்சினீயர். 1849-ல் அவர் இதே விஷயத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: மூன்றாம் வகுப்புக்குக் கூரை போடவும் பலகைக்கு மெத்தை தைக்கவும் ஆகிற செலவு கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மூன்றாம் வகுப்பு வசதியாக இருந்துவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவனும் அதிலேயே ஏறிவிடுவான். அவன் அங்கே வராமல் பயந்து ஓடவேண்டும் என்பதற்காகவே மூன்றாம் வகுப்பைக் கஷ்டமாக வைத்திருக்கிறார்கள். ஏழையை வதைக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இல்லை. காசுள்ளவனை மிரட்ட வேண்டும். அதற்கு ஏழையின் முதுகு உபயோகப்படுகிறது.

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! அசௌகரியம் என்பது தானாக வந்து சேர்வதல்ல. அதுவும் ஒரு சரக்கு. கணக்குப் பார்த்துத் தயாரிக்கப்படுகிற சரக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற நாடுகளைப் பாருங்கள், பல விஷயங்கள் விளங்கும்.

இங்கிலாந்திலேயே பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மிட்லண்டு ரயில்வே என்ற கம்பெனி 1872-ல் தன் எல்லா வண்டிகளிலும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைச் சேர்த்தது. 1875-ல் இரண்டாம் வகுப்பையே எடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு மெத்தை போட்டது. மற்ற கம்பெனி முதலாளிகள் கத்தினார்கள். ஆனால் கூட்டம் மிட்லண்டு பக்கம் திரும்பியதும் அவர்களும் வேறு வழியின்றி அதையே செய்தார்கள். முப்பது வருஷமாக முடியாது என்றது எப்படி முடிந்தது? மிட்லண்டு கம்பெனி தர்மம் செய்ய வரவில்லை. போட்டி அவர்களை அப்படிச் செய்யவைத்தது. சட்டமோ, போட்டியோ, போராட்டமோ ஏதோ ஒன்று கழுத்தைப் பிடிக்காமல் ஒரு மெத்தைகூட வந்ததில்லை.

பிரான்ஸில் கழுத்தைப் பிடித்தது போராட்டம். 1936 மே, ஜூன் மாதங்களில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மக்கள் முன்னணி சர்க்கார் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. விடுமுறை கிடைத்தால் போதுமா? ஊர் போக டிக்கெட் வாங்கக் காசு வேண்டாமா? விடுமுறையில் போகும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தார்கள். பிறந்தது முதல் கடலைப் பார்த்திராத தொழிலாளர்கள் எத்தனையோ பேர் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். 1938-ல் ரயில்வே கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக்கப்பட்டுத் தேசிய ரயில்வே அமைந்தது. 1956 ஜூனில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் மூன்றாம் வகுப்பையே ஒழித்தன.

ஆனால் வந்த வசதி அப்படியே நிற்கும் என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் 1990-களில் ரயில்வேயைத் துண்டு போட்டுத் தனியாரிடம் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது. நெரிசல் நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்தவன் நின்றுகொண்டு போகிறான். பக்கத்துப் பெட்டியில் முதல் வகுப்பு ஆசனம் காலியாகப் போகிறது. கடைசியில் 2024-ல் சட்டம் செய்து, 2025 மே மாதம் முதல் கம்பெனி கம்பெனியாகத் திரும்பப் பொதுத்துறைக்கு எடுக்கத் தொடங்கினார்கள். லக்ஸம்பர்க் என்ற சின்ன நாட்டில் 2020 முதல் ரயிலுக்கு டிக்கெட்டே கிடையாது. முதல் வகுப்பில் ஏறுபவர் மட்டும் காசு கொடுக்கவேண்டும். நமது கோஷம் போல இருக்கிறதல்லவா? ஒரு சோஷலிஸ்டு நாடும் அல்ல அது!

இனி சோவியத் நாடு. அங்கே தூரம் அதிகம். மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் 9,288 கிலோமீட்டர். ஒரு வாரப் பயணம். இதில் சாதாரண ஜனங்கள் போகும் பெட்டிக்கு 'பிளாட்ஸ்கார்ட்' என்று பெயர். தடுப்பும் கதவும் இல்லாத பெட்டி. அதில் 54 படுக்கை. 54 பேருக்குத்தான் டிக்கெட். ஒவ்வொரு பெட்டியிலும் கொதிநீர்க் கொப்பரை ஒன்று இரவு பகல் சூடாகவே இருக்கும். பெட்டிக்கு ஒரு பணியாளர் உண்டு. பெரும்பாலும் ஒரு அம்மாள். கம்பளி, விரிப்பு கொடுப்பார், கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொண்டுவருவார், உங்கள் ஊர் வந்தால் எழுப்பிவிடுவார். குறையே இல்லையா என்றால், உண்டு. அங்கேயும் மெத்தை வகுப்பு, கட்டை வகுப்பு என்ற பேதம் இருந்தது. நடைபாதை ஓரப் படுக்கையில் படுத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள். கோடை விடுமுறையில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. நம் நாடு என்று நினைப்பதால் மூடி மறைக்கவேண்டியதில்லை. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. அந்தப் பெட்டியும் கொப்பரையும் ரஷ்யாவில் இன்னும் ஓடுகின்றன. டிக்கெட் வாங்கியவனுக்குப் படுக்க ஓர் இடம் என்ற அந்த ஏற்பாடுதான் நாம் கவனிக்க வேண்டியது.

சீனாவில் 'கட்டை ஆசனம்' என்றே ஒரு வகுப்பு உண்டு. ஒரு பெட்டியில் 118 பேர், ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு, நிமிர்ந்த முதுகு. இரவெல்லாம் அதில் உட்கார்ந்து போவது சுகம் அல்ல. ஆசனம் இல்லாத டிக்கெட்டும் விற்கிறார்கள். அதற்கும் அதே விலை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதிவேக ரயில் 2008-ல் தொடங்கி இன்று 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, உலகமே வியக்கிறது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு ஒரு ரயில். சிச்சுவான் மாகாணத்தில் தாலியாங் மலைப்பகுதி இருக்கிறது. யீ என்ற மலைஜாதி மக்கள் வாழும் இடம். அங்கே புசியோங் என்ற ஊருக்கும் பான்ச்சிஹுவாவுக்கும் இடையே பச்சை நிற மெதுவண்டி ஒன்று ஓடுகிறது. குறைந்த கட்டணம் 2 யுவான். நம் கணக்கில் சுமார் 25 ரூபாய். 1995 முதல் அந்தக் கட்டணத்தை ஏற்றவில்லை. சந்தைக்குப் போகிற விவசாயி காய்கறிக் கூடையோடும், வாத்தோடும், பன்றிக்குட்டியோடும் அதில் ஏறலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். நஷ்டத்தில்தான் ஓடுகிறது. நஷ்டம் என்று தெரிந்தே ஓட்டுகிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1917-ல் மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்பைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்திருக்கிறார். பெட்டியில் 22 பேர் என்று எழுதியிருந்தது. பாதி தூரத்துக்கு மேல் 35 பேருக்குக் குறையவில்லை என்று எண்ணிச் சொல்கிறார். முதல் வகுப்புக்காரன் கொடுப்பது ஐந்து மடங்கு. நமக்குக் கிடைக்கிற வசதி ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிறதா, பத்தில் ஒரு பங்காவது இருக்கிறதா என்பது அவர் கேள்வி. அந்தக் கணக்கு இன்றைக்கும் நமக்கு உதவும்.

சுதந்திரம் வந்த பிறகும் பலகை போகவில்லை. 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்து இரண்டாம் வகுப்பு என்றார்கள். போர்டு மாறியது, பலகை மாறவில்லை. 1977-ல் மது தண்டவதே ரயில்வே மந்திரியாக வந்த பிறகுதான் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு நுரைமெத்தை போடத் தொடங்கினார்கள். அவர் நம் கட்சிக்காரர் அல்ல, சோஷலிஸ்டு. ஆனாலும் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்த டிசம்பரில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் என்று வகுப்பு பேதமே இல்லாத ஒரு வண்டியும் விட்டார். 1977-ல் இந்தியா திடீரென்று பணக்கார நாடாகிவிட்டதா? இல்லையே!

இன்றைக்கு என்ன நிலை? 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் வந்தது. நல்ல வண்டிதான். சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் கையால் செய்த வண்டி. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் முன்பதிவில்லாமல் ஏறுவதற்கு அதில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. பல எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சாதாரணப் படுக்கைப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கோத்தார்கள். அதில் போகக் காசில்லாதவர்கள் எங்கே போவார்கள்? பொதுப் பெட்டிக்குத்தான். குளிர்சாதனப் பெட்டிக்கு இத்தனை டிக்கெட் என்று கணக்கு உண்டு. பொதுப் பெட்டி டிக்கெட்டுக்கு மட்டும் வரம்பே இல்லை. கேட்கக் கேட்கக் கொடுப்பார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குப் போக நின்ற கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு டில்லி ஸ்டேஷனில் 18 பேர் மாண்டார்கள். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கேட்டால் நஷ்டம் என்கிறார்கள். 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள்: பயணச் செலவில் 57 சதவிகிதம்தான் உங்களிடமிருந்து வருகிறது என்று. பிச்சை போட்டதைச் சொல்லிக்காட்டுகிற மாதிரி! 60 வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவிகிதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவிகிதமும் இருந்த தள்ளுபடியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நோய் வந்தது காரணம் என்றார்கள். நோய் போன பிறகும் தள்ளுபடி திரும்பவில்லை. அதே பெரம்பூரில்தான் குளிர்சாதனம் இல்லாத அம்ருத் பாரத் வண்டியும் செய்கிறார்கள்; பொதுப் பெட்டிகளும் படுக்கைப் பெட்டிகளும் கொண்டது. 2023 டிசம்பர் முதல் ஓடுகிறது. ஆகவே செய்யத் தெரியாமல் இல்லை. கண்டனம் பலமாக எழுந்த பிறகு 2024-ல் பல வண்டிகளில் பொதுப் பெட்டிகளைச் சேர்ப்பதாகவும் ரயில்வே அறிவித்தது.

திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிற ஜார்க்கண்டு, ஒடிஸா தொழிலாளர்கள் தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ இரண்டு நாள் அப்படித்தான் வருகிறார்கள். அவர்கள் நம் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஆலைக்காரர் சொல்லிக் கொடுத்ததை நம்மில் சிலர் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேர் கொண்ட நாலு கோஷ்டி வேண்டும். ஸ்டேஷனுக்கு வருகிற நாலு வண்டிகளின் பொதுப் பெட்டிகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், கக்கூஸுக்குள் எத்தனை பேர் என்று எண்ணிக் குறிக்கவேண்டும். எத்தனை ஆசனம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். 90 அல்லது 100 இருக்கும். அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை இணைத்துத்தான் கூடுதல் பொதுப் பெட்டி கேட்கும் மனுவைக் கொடுக்கப் போகிறோம். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் இரவு வண்டிகளை எடுத்துக்கொள்ளட்டும். பெண்கள் பெட்டியை எண்ணுவதற்கு இரண்டு பெண் தோழர்கள் பெயர் கொடுங்கள்.