கோழிக்குப் பூச்சிமருந்து விஷம்: பச்சிலை எதுவரை உதவும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, வசூல், தீர்மானம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியா கோழியைப் பத்திப் பேசுவோம். நம்மில் பலர் குழுக்கடனில்தான் கோழி வளர்க்கிறோம். கோழி செத்தால் தவணையும் நின்றுபோகும்.

போன பருத்திப் பருவத்தில் நம்ம உறுப்பினர் ஒருவர் காலையில் 11 கோழிகளைத் திறந்துவிட்டார். சாயங்காலம் திரும்பியது 4 தான். மருந்தடித்த காட்டில் செத்து விழுந்த பூச்சிகளைக் கொத்தித் தின்றதால் மற்றவை வரப்போரம் செத்துக் கிடந்தன. திரும்பியதிலும் 2 கோழிகள் தள்ளாடின. அக்கா பதறிப்போய் ஒன்றுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார். யாரோ சொன்னார்கள் என்று ஊமத்தை இலையும் தேடினார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அம்மா தடுத்துவிட்டார். நாங்கள் போவதற்குள் எண்ணெய் குடித்த கோழி செத்துவிட்டது. இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். ஊசி போட்டதில் பிழைத்தது.

விஷம் என்று எப்படித் தெரியும்? வாயில் எச்சில் வழியும், மூச்சு வாங்கும், கழிச்சல் போகும், உடம்பு நடுங்கும், கால் மடங்கும், கழுத்து தொங்கும். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் இதில் சில வரும். ஆனால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ நாளாகும். காலையில் நல்லா மேய்ந்த கோழிகள் ஒரே நாளில் பல விழுந்தால் விஷத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. கோழிகளை நிழலான, காற்றோட்டமான இடத்தில் அடையுங்கள். மீதித் தீனியையும் தண்ணீரையும் மாற்றுங்கள்.

2. இறகில் மருந்து பட்டிருந்தால், கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

3. விழுங்கக்கூடிய கோழிக்கு மட்டும் கரியை நைசாக அரைத்து, தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். கரி விஷத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். சாம்பல் வேண்டாம். மயங்கிய கோழிக்கு எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

4. எண்ணெய் கூடாது. பல பூச்சிமருந்துகள் எண்ணெயில் கரைந்து உடம்பில் வேகமாக ஏறும்.

5. கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள். மருந்து டப்பாவைக் காட்டுங்கள்.

இனி பச்சிலைக்கு வருவோம். கீழாநெல்லி, தும்பை, சிறியாநங்கை இவற்றோடு சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்து உருண்டையாகக் கொடுப்பது நம்ம பெரியவர்கள் வழக்கம். பிழைத்த கோழி தீனி எடுக்காமல் சோர்ந்திருக்கும்போது இதைச் சிறு உருண்டையாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் நரம்பைப் பிடித்த விஷத்தை இது முறிக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இலை பறித்து அரைக்கிற நேரத்தில் கோழி போய்விடும்.

ஒரு விஷயம் கேளுங்கள். பல பூச்சிமருந்து விஷத்துக்கு மருத்துவர் போடும் அட்ரோபின் ஊசியும் முதலில் ஒரு செடியிலிருந்து எடுத்ததுதான். அந்தச் சத்து ஊமத்தையிலும் உண்டு. ஆனால் எந்த இலையில் எவ்வளவு இருக்கும் என்று நம்மால் அளக்க முடியாது. கொஞ்சம் கூடினால் அதுவே கொல்லும். அதனால் ஊமத்தையைத் தொடவே வேண்டாம்.

விஷத்தில் செத்த கோழியைச் சமைக்கக் கூடாது, விற்கவும் கூடாது. நாய்க்கும் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். பிழைத்த கோழியின் முட்டையை எப்போதிலிருந்து சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

வராமல் தடுப்பதுதான் லாபம். மருந்து கலந்த விதையைக் கோழி எட்டாத இடத்தில் வையுங்கள். கோழிப்பேனுக்கு வயல் மருந்தைத் தடவாதீர்கள். சாம்பலும் மணலும் கலந்து குழியில் போட்டால் கோழி தானே புழுதிக் குளியல் போடும். போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. பழைய பாக்கெட் வீட்டில் இருந்தால் வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

அக்காமார்களே, ஒவ்வொரு குழுவும் இன்றே ஒரு தீர்மானம் எழுதுவோம்: நம் காட்டில் மருந்தடிக்கும் முதல்நாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்வோம், கோழியை அடைத்து வைப்போம். அன்று அந்த அக்காவிடம் ஒருவர் சொல்லியிருந்தால் 8 கோழிகளும் இன்று முட்டையிட்டுக் கொண்டிருக்கும்.