ஆட்டிசத்துக்காக மாரத்தான்: பயனே!

லண்டன் மாரத்தான் 1981 மார்ச்சில் தொடங்கியது. தொடங்கியவர்கள் கிறிஸ் பிராஷர், ஜான் டிஸ்லி; இருவருமே ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸில் பதக்கம் வென்றவர்கள். இப்போது அது பெரும்பாலும் ஏப்ரலில் நடக்கிறது. கிரீனிச் பக்கம் புறப்பட்டு பக்கிங்ஹாம் அரண்மனை அருகே முடிகிற 42.195 கிலோமீட்டர். 2025-ல் 56,000 பேருக்கு மேல் ஓடி முடித்தார்கள். அந்த ஒரு நாள் ஓட்டத்தை முன்னிட்டு அறக்கட்டளைகளுக்குச் சேர்ந்த தொகை 8.73 கோடி பவுண்டு. ஓடுகிறவர்களின் பனியன்களில் புற்றுநோய், இதயநோய், முதியோர் நலம் என்று எத்தனையோ அமைப்புகளின் பெயர்கள். அவற்றுக்கு நடுவே நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியும், ஆய்வுக்கென இயங்கும் ஆட்டிஸ்டிகாவும் உண்டு. இப்படி ஓடி நிதி திரட்டுவது பயனா, பகட்டா என்பதே வழக்கு. பயனே என்பது இந்த அணியின் கட்சி.

முதலில் பணம் வரும் வழி. போட்டி நடத்துவோர் ஒரு பகுதி இடங்களை அறக்கட்டளைகளுக்கு விற்கிறார்கள். ஓரிடத்துக்குச் சில நூறு பவுண்டு. அறக்கட்டளை அந்த இடத்தை ஓட விரும்பும் ஒருவருக்குத் தருகிறது. பதிலுக்கு அவர் பொதுவாக 2,000 பவுண்டுக்குக் குறையாமல் திரட்டித் தர ஒப்புக்கொள்கிறார். உறவினர், அலுவலகத் தோழர், பக்கத்து வீட்டார் எல்லோரிடமும் அவர் கேட்கிறார். கொடுப்பவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒப்புதல் தந்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கிறது. இடத்துக்குக் கொடுத்த விலையைக் கழித்தாலும் பெரும்பகுதி மிஞ்சுகிறது. செலவே வரவைத் தின்றுவிடுகிறது என்ற எதிரணிக் கணக்கு இங்கே நிற்காது.

எதிரணியின் வலுவான கேள்வி வேறு. கொடுக்க நினைப்பவர் நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் ஒருவர் மூச்சிரைக்க ஓடுவது எதற்கு? தர்க்கத்துக்குப் பொருந்தும் கேள்விதான். மனித மனம் அந்தத் தர்க்கப்படி நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட கட்டுரை இதையே சோதித்தது. நிதி திரட்டும் வழி சுகமான விருந்தாக இருப்பதைவிட வலியும் உழைப்பும் கேட்கும் ஓட்டமாக இருந்தால் மக்கள் அதிகமாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்று அது காட்டியது. சிரமம் நன்கொடைக்குத் தடையாக நிற்கவில்லை, நன்கொடையைக் கூட்டுகிறது. நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இன்னொரு ஆய்வு லண்டன் மாரத்தானிலேயே நடந்தது. சாரா ஸ்மித், ஃபிராங்க் விண்ட்மெய்யர், எட்மண்ட் ரைட் மூவரும் 2010 ஓட்டக்காரர்களின் இணைய நன்கொடைப் பக்கங்களை அலசினார்கள். அந்தப் பக்கங்களில் முன்னால் கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பது அடுத்தவர் கண்ணில் படும். முன்பு வந்த நன்கொடைகளின் சராசரி 10 பவுண்டு கூடினால் பின்னால் வருபவர் கொடுப்பது ஏறத்தாழ 2.50 பவுண்டு கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். மொய் நோட்டில் மேல் வரியைப் பார்த்துவிட்டுத் தன் தொகையை முடிவு செய்கிற அதே கை! தனியாக ஒரு மூலையில் காசோலை எழுதுபவருக்கு இந்த உந்துதல் கிடையாது. ஓட்டம் நடக்காதிருந்தால் இதே பணம் வேறு வழியில் வந்திருக்கும் என்பது எதிரணியின் நம்பிக்கை மட்டுமே.

வந்த பணம் எத்தகையது என்பதும் பார்க்க வேண்டியது. இந்த அணியின் வாதத்தில் கனமான பகுதி இதுதான். நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியை 1962-ல் தொடங்கியவர்கள் பெற்றோர்கள். மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங் அவர்களில் ஒருவர். தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி இல்லை என்று கண்ட அந்தப் பெற்றோர், 1965-ல் லண்டனின் ஈலிங் பகுதியில் தாங்களே ஒன்றைத் திறந்தார்கள். சிபில் எல்கர் அதை நடத்தினார். இப்படிப்பட்ட அமைப்புகள் வளர வளர, பள்ளிகளையும் பராமரிப்பு இல்லங்களையும் நடத்த உள்ளாட்சி நிர்வாகங்கள் ஒப்பந்தப்படி பணம் தருகின்றன. அது பெரிய தொகைதான். ஆனால் இன்னாருக்கு, இன்ன சேவைக்கு என்று கட்டிப்போட்ட தொகை. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, பிள்ளைக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்ட மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஒரு தாய்க்கு வழிகாட்ட முடியாது. சட்டம் கேட்டு நாடாளுமன்றக் கதவைத் தட்டவும் முடியாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கேட்டு வாங்காதவரை, ஓட்டத்தில் வரும் பணத்துக்கு இந்தக் கட்டு இல்லை.

கட்டில்லாத பணத்தின் பயன் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் 2009-ல் ஆட்டிசச் சட்டம் நிறைவேறியது. ஒரு குறிப்பிட்ட குறைபாட்டுக்கென்றே அங்கே வந்த முதல் சட்டம் அது. ஷெரில் கில்லன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்; பின்னாலிருந்து இயக்கத்தை நடத்தியது நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களுக்கென ஒரு திட்டக்கொள்கையை அரசு வகுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தக் கொள்கை 2010-ல் வெளிவந்தது. அரசின் ஒப்பந்தப் பணத்தை மட்டும் நம்பியிருக்கும் அமைப்பு அரசோடு இப்படி வாதாடத் துணியுமா?

இனி எதிரணியின் கூர்மையான அம்பு. ஆட்டிசம் நோயல்ல, அதை விரட்ட ஓடுவது ஆட்டிச நிலையாளர்களை அவமதிப்பது என்கிறது அது. இதில் உண்மை உண்டு, மறைப்பதில் பயனில்லை. அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய ஆட்டிசம் ஸ்பீக்ஸ் அமைப்பு, 2009-ல் வெளியிட்ட ஒரு குறும்படத்தில் ஆட்டிசத்தைக் குடும்பங்களைக் குலைக்கும் அரக்கனைப் போலப் பேசவைத்தது. ஆட்டிச நிலையாளர்கள் தாங்களே நடத்தும் ஏஎஸ்ஏஎன் அமைப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. ஆட்டிச நிலையாளரான எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன், ஆட்டிசம் ஸ்பீக்ஸில் தாம் வகித்த ஆலோசகர் பொறுப்பிலிருந்து 2013-ல் விலகினார். எதிர்ப்பு வீண்போகவில்லை, குணப்படுத்துவது என்ற நோக்கத்தை அந்த அமைப்பு 2016-ல் கைவிட்டது. நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியும் மாசற்றதல்ல. 1963-ல் அது வரைந்த முதல் சின்னம், புதிர்த்துண்டுக்குள் அழும் குழந்தை. ஆனால் இந்தக் குற்றங்கள் எல்லாம் பணத்தை வாங்கிய அமைப்பின் பேச்சில் இருக்கின்றன, ஓட்டத்தில் இல்லை. அதே குறும்படத்தை ஒரு விருந்துப் பணத்திலும் எடுத்திருக்கலாம். அதற்காக விருந்தையே தடை செய்யச் சொல்வார் உண்டா? ஓடுபவர் செய்ய வேண்டியது, நிர்வாகக் குழுவில் ஆட்டிச நிலையாளர்கள் இருக்கிறார்களா, போன வருடப் பணம் எதற்குப் போனது என்று கேட்டுவிட்டுப் பனியனைப் போடுவது.

ஆட்டிச நிலையாளர் ஓரத்தில் நிற்க மற்றவர் அவருக்காக ஓடுகிறார் என்ற படமும் பழையது. தென் கொரியாவின் பே ஹ்யோங்-ஜின் 2001-ல் சுன்சோன் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடினார்; அவர் வாழ்க்கை 2005-ல் திரைப்படமானது. அமெரிக்கரான மைக்கி பிரானிகன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆட்டிச நிலையாளரும் ஆனார்.

மிச்சம் இருப்பது, ஓடுபவர் தன் பெருமைக்கே ஓடுகிறார், சமூக ஊடகத்தில் பதக்கத்தைக் காட்டத்தான் ஓடுகிறார் என்ற குறை. இருக்கட்டுமே. 2026 லண்டன் மாரத்தானில் ஓடக் குலுக்கலுக்கு விண்ணப்பித்தவர்கள் 11,33,813 பேர். ஆட்டிசத்தை நினைத்தா அத்தனை பேரும் விண்ணப்பித்தார்கள்? ஓடும் ஆசைதான். குலுக்கலில் இடம் கிடைப்பது மிகச் சிலருக்கே. மீதிப் பேரில் விடாப்பிடியானவர்கள் அறக்கட்டளைகளின் கதவுக்கு வருகிறார்கள். ஆட்டிச அமைப்பு அந்தக் கதவை மூடினால் அவர்கள் ஓடாமல் இருக்கப்போவதில்லை; அதே 2,000 பவுண்டு வாக்குறுதியோடு அடுத்த அமைப்பின் பனியனைப் போட்டுக்கொள்வார்கள்.