வெடித்த பிறகு கூடிய சபை

1986 நவம்பரில் ஒரு ராக்கெட் அடுக்கு விண்ணில் வெடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரான்சின் ஸ்பாட்-1 செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற ஐரோப்பிய ராக்கெட்டான ஏரியானின் மூன்றாம் அடுக்கு அது. வேலை முடிந்து ஒன்பது மாதமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியில் மிஞ்சிய எரிபொருள் அதைக் கிட்டத்தட்ட 500 துண்டுகளாகச் சிதறடித்தது.

விண்வெளிக் குப்பை ஒன்றோடொன்று மோதி மேலும் மேலும் பெருகும் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலாயும் 1978-லேயே எழுதியிருந்தார்கள். அப்போது அதைப் படித்துக் கவலைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சொந்த ராக்கெட்டே வெடித்ததும் ஐரோப்பா விழித்துக்கொண்டது. 1987-இல் நாசாவுடன் பேச்சு தொடங்கியது. பிறகு ஜப்பானும் ரஷ்யாவும் வந்து சேர்ந்தன. 1993-இல் அது ஐ.ஏ.டி.சி. என்ற நிரந்தரக் குழுவானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் விண்வெளிக் குப்பை குறித்த முதல் ஐரோப்பிய மாநாடு கூடியது. ஐரோப்பியச் செயற்கைக்கோள்களை இயக்கும் மையம் இருக்கும் ஊர் அது. குப்பைக்கு விலகி ஓட வேண்டியவர்களின் வீட்டுவாசலிலேயே கூட்டம் நடந்தது என்றும் சொல்லலாம்.

அங்கே பேசப்பட்டவற்றில் மிக எளிய வைத்தியம், வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிடுவது. அமெரிக்காவின் டெல்டா ராக்கெட்டுகள் வெடித்து வெடித்து ஏற்கெனவே கற்றுக்கொடுத்த பாடம்தான். தாமதத்துக்கு விலையும் இருந்தது. 1996 ஜூலையில் செரீஸ் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோளின் நீண்ட கம்பத்தை ஒரு துண்டு அறுத்தது. பத்தாண்டுக்கு முன் வெடித்த அதே ஏரியானின் துண்டு!

இந்தியாவுக்கும் அந்தப் பாடம் வந்தது. 2001 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி-சி3-இன் கடைசி அடுக்கு டிசம்பரில் வெடித்து 300-க்கு மேற்பட்ட துண்டுகளானது. அதன்பின் இஸ்ரோவும் மிச்ச எரிபொருளை வெளியேற்றத் தொடங்கியது.

2002-இல் ஐ.ஏ.டி.சி. நெறிமுறைகள் வந்தன: தாழ் சுற்றுப்பாதையில் வேலை முடித்த எதுவும் 25 ஆண்டுக்குள் இறங்கிவிட வேண்டும். 2007-இல் ஐ.நா.வும் தன் பங்குக்கு நெறிமுறைகளை ஏற்றது. எதற்கும் சட்ட வலு கிடையாது. கவனக்குறைவைத் திருத்த இந்த நெறிமுறைகள் போதும்; வேண்டுமென்றே உடைப்பவரை என்ன செய்வது? அதே 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் அடித்து 3,000-க்கும் அதிகமான துண்டுகளாக்கியது. 2019-இல் இந்தியாவும் 2021-இல் ரஷ்யாவும் அதே வகைச் சோதனையை நடத்தின. 2009 பிப்ரவரியில் இரிடியம்-33 செயற்கைக்கோளும் செத்துப்போன காஸ்மாஸ்-2251 செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதிக்கொண்டதோ யாருடைய திட்டமும் அல்ல.

ஐ.ஏ.டி.சி. 2024 ஏப்ரலில் பெங்களூருவில் கூடியது. அதற்கு முந்தைய மாதம்தான் பி.எஸ்.எல்.வி-சி58-இன் கடைசி அடுக்கு, 650 கி.மீ.யிலிருந்து 350 கி.மீ.க்கு முன்பே இறக்கிக் காலிசெய்யப்பட்டிருந்ததால், மூன்றே மாதத்தில் வளிமண்டலத்துக்குள் வந்து விழுந்திருந்தது. 2030-க்குள் இந்தியாவின் எல்லா ஏவுதல்களும், தனியாருடையவை உட்பட, குப்பை விடாதவையாக இருக்கும் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அந்தக் கூட்டத்தில் அறிவித்தார்.