கதை சொல்லும் கலையும் நம் குழந்தைகளும்

(நம் சங்கத்தின் புனே கிளை குடும்ப சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்கும் டீச்சர்களுக்கும் உபயோகமா ஏதாவது சொல்லுங்கோ, அரை மணிக்குள்ளே முடிச்சுடுங்கோ" என்பது நம் கிளைச் செயலாளரின் உத்தரவு. நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். நாடகத்தையும் கதை சொல்வதையும் பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்யதை என்று நீங்கள் கேட்கலாம். புனேயில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த ஊரில் அத்தனை நாள் இருந்துவிட்டு நாடகம் பார்க்காமல் இருப்பது, கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபி குடிக்காமல் இருப்பதற்குச் சமானம்.

நம்மில் பலர் இந்த ஊருக்கு உத்தியோகத்துக்காக வந்தவர்கள். மராட்டி நாடகம் அவர்களுடையது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. சம்பந்தம் முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்டது. 1843-ல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய சீதா ஸ்வயம்வர் நாடகத்தை வைத்துத்தான் ஒவ்வொரு நவம்பர் 5-ஆம் தேதியும் இங்கே மராட்டி ரங்கபூமி தினம் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதற்கும் சுமார் ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1684 முதல் 1712 வரை தஞ்சாவூரை ஆண்ட ஷாஹாஜி மஹாராஜா மராட்டியில் நாடகங்கள் எழுதியிருக்கிறார். அவற்றின் சுவடிகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. இதை என் மராட்டி சிநேகிதர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள், பிறகு காபி வாங்கித் தருவார்கள்.

இங்கிருந்து அங்கே போன சரக்கும் உண்டு. 1860-களில் ராமசந்திர மோர்காவ்கர் பாவா என்ற கீர்த்தனகாரர் தஞ்சாவூருக்கு வந்தார். பெயரே ஊரைச் சொல்கிறது. மோர்காவ் நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. அஷ்டவிநாயக யாத்திரையில் முதல் க்ஷேத்திரம், நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். அவருடைய கீர்த்தன முறையைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் கதாகாலட்சேபத்துக்கு இன்று நாம் அறிந்திருக்கும் வடிவத்தைக் கொடுத்தார். ஸாகி, திண்டி, ஓவி, அபங்கம் எல்லாம் இங்கிருந்து போன மெட்டுகள். சிப்ளாக்கட்டை என்கிற பெயரே மராட்டி. அந்தக் கலையைப் பின்னால் ஒரு பெண் மேடையேற்ற முயன்றபோது ஆண் பாகவதர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைத் தாண்டி சி. சரஸ்வதி பாய் தென்னாடு முழுவதும் கதை சொன்னார். நம் பெண் குழந்தைகளுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லி வையுங்கள்.

இங்கே ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மஹாராஜா மராட்டியில் 'தேவேந்திர குறவஞ்சி' என்று ஒரு நாட்டிய நாடகம் எழுதினார். குறவஞ்சி என்றால் குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், கை பார்த்துக் குறி சொல்வாள். சரபோஜியின் குறத்தி உலக பூகோளம் சொல்கிறாள்! கண்டங்கள், தேசங்கள் என்று வரிசையாக. பாட்டோடும் ஆட்டத்தோடும் பூகோளம் கற்றுக்கொடுக்கலாம் என்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒருவர் யோசித்திருக்கிறார். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கலைகளோடு இணைந்த கல்வி, கதை வழியாகப் பாடம் என்று பேசும்போது ஏதோ புது விஷயம் வந்துவிட்டதுபோல் பலர் பயப்படுகிறார்கள். நமக்கு அது பழைய பாத்திரத்துக்குப் புதிதாக ஈயம் பூசியதுதான்.

இனி நம் ஊரில் இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கல்லூரி மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது புருஷோத்தம் கரண்டக். மஹாராஷ்டிரீய கலோபாசக் என்ற அமைப்பு 1963 முதல் நடத்தும் ஓரங்க நாடகப் போட்டி. பரிசின் பெயர்தான் கரண்டக். நம் பாட்டிகளின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக் கரண்டகம் இருந்ததே, அதே வார்த்தைதான். சுமார் ஐம்பது கல்லூரிகள் பரத் நாட்டிய மந்திரில் மோதுகின்றன. எழுத்து, நடிப்பு, இயக்கம் இவற்றுக்குத்தான் மதிப்பு. பணம் செலவழித்து ஸெட் போட்டு ஜெயிக்க முடியாது. அரங்கத்துக்குள் நுழைந்தால் "ஆவாஸ் குணாச்சா" என்று பையன்கள் போடுகிற கோஷத்தில் என் காது கேட்கும் கருவியைக் கழற்றிவிடுவேன். 2022-ல் நடுவர்கள், தரம் போதவில்லை என்று சொல்லி எந்த நாடகத்துக்கும் கரண்டக் கொடுக்கவில்லை. ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மாணவர்கள் மனம் உடைந்திருப்பார்கள், வாஸ்தவம். இருந்தாலும் கலந்துகொண்ட எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும் இந்தக் காலத்தில், 'போதாது' என்று சொல்ல ஒரு இடம் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

என் பேத்தி எஞ்சினீயரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது இந்தப் போட்டிக்குக் கல்லூரிக் குழுவில் சேர்ந்தாள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் கொட்டுகிற மழையில் தினம் ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்புவாள். வீட்டில் யுத்தம். "படிக்கிற வயசில் டிராமா எதுக்கு? இதுக்கா ஃபீஸ் கட்டறேன்?" என்று அவள் அப்பா கேட்பான். "அப்பா, நான் நடிக்கக்கூட இல்லை, லைட்டுதான் பாத்துக்கறேன்" என்பாள். அதைக் கேட்டு அவனுக்கு இன்னும் கோபம். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் ஒத்திகை பார்க்கப் போனேன். விளக்கைப் பின்னுக்குத் தள்ளினால் முகத்தில் வெளிச்சம் எந்தக் கணக்கில் குறையும் என்று ஒரு காமர்ஸ் பையனுக்குத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. இதை நான் பரீட்சைக்காக உருப்போட்டேன். அவள் ஒரு நடிகரின் கண் தெரிய வேண்டுமே என்பதற்காகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் நாடகம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த செமஸ்டரில் அவளுக்கு ஒரு பேப்பரும் போயிற்று. இதை மறைத்து உங்களிடம் பேசினால் நியாயமில்லை. நேரம் போகும், மார்க்கும் கொஞ்சம் போகலாம். அடுத்த தடவை அந்தப் பேப்பரை எழுதித் தேறினாள். அடுத்த வருஷம் திரும்பவும் குழுவில் சேர்ந்தாள். அவள் அப்பா இன்னும் முழு மனசோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒத்திகை முடிகிற நேரத்துக்குக் குடை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறவன் அவன்தான்.

நாடகத்தையே படிப்பாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு நம் புனே பல்கலைக்கழகத்தில் 1987 முதல் லலித் கலா கேந்திரம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் மூன்றிலும் பட்டப்படிப்பு உண்டு. தில்லியில் தேசிய நாடகப் பள்ளி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேயே 1989-ல் கல்வி நாடகத்துக்கென்று ஒரு தனிக் குழு தொடங்கி, 'ஸம்ஸ்கார் ரங் டோலி' என்ற பெயரில் குழந்தைகளுக்காக நடத்துகிறார்கள். பெங்களூர் உறுப்பினர்களுக்கு 2004-ல் திறந்த ரங்க சங்கரா இருக்கிறது; குழந்தை நாடகத்துக்கு அங்கே தனித் திட்டமே உண்டு.

சின்னக் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986-ல் இங்கே தியேட்டர் அகாடமி, பெர்லின் நகரத்து க்ரிப்ஸ் நாடக முறையைக் கொண்டுவந்தது. முன்னின்று செய்தவர் நடிகரும் மனநல மருத்துவருமான டாக்டர் மோகன் ஆகாஷே. அந்த நாடகங்களில் ராஜா, ராணி, தேவதை கிடையாது. வீட்டில் அப்பா அம்மா சண்டை, பள்ளியில் பயம், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு தகராறு, இவைதான் கதை. பெரியவர்களே குழந்தைகளாக நடிப்பார்கள். நாடகம் குழந்தைக்கு உபதேசம் பண்ணாது, கேள்வி கேட்கும். "நீதிக்கதை இல்லாமல் குழந்தைக்கு நாடகமா?" என்று நம் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஒரு தரம் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது வண்டியில் அவன் என்ன கேட்கிறான் என்பதையும் கவனியுங்கள்.

ஆசிரியர்களுக்கு: 1979-ல் தொடங்கிய சி.சி.ஆர்.டி. என்ற மத்திய சர்க்கார் நிறுவனம், வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டம், நாடகம் இவற்றைப் பாடத்தில் பயன்படுத்தப் பயிற்சி தருகிறது. நீங்களாகப் போய் நிற்க முடியாது, கல்வித் துறை மூலமாகப் பெயர் போக வேண்டும். முறைப்படி மனு எழுதுவது எப்படி என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த கலை. பத்து முதல் பதினாலு வயதுக் குழந்தைகளுக்கு அதே நிறுவனம் உதவித்தொகையும் தருகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு 2015-ல் ஆரம்பித்த கலா உத்ஸவ் போட்டி இருக்கிறது. விஞ்ஞான ஆசிரியர்கள், மும்பை நேரு விஞ்ஞான மையத்தில் பள்ளிகளுக்கான அறிவியல் நாடகப் போட்டியைப் பற்றி விசாரியுங்கள்.

விஞ்ஞானம் வேறு, கதை வேறு என்கிறவர்களுக்கு நம் ஊர் ஜயந்த் நார்லிகரைத்தான் காட்டுவேன். 2025 மே மாதம் காலமானார். 1974-ல் மராட்டி விஞ்ஞான பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்குத் தன் இனிஷியல்களைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் ஜகதாப் என்ற புனைபெயரில் ஒரு கதை அனுப்பினார். பெயரைப் பார்த்துப் பரிசு வரக் கூடாது என்று எண்ணம். முதல் பரிசு கிடைத்தது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் என்ன செய்கிறார்கள்? சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். வாயைத் திறப்பதில்லை. இங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் பதில் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ வருகிறது. எழுத்துத் தெரியாத குழந்தைகூட பத்து நிமிஷம் தமிழில் கதை சொல்லக் கற்றுக்கொள்ளலாம், காது போதும். பாட்டி சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டி இந்த ஊரில் இல்லாவிட்டால் ஃபோனில் சொல்லட்டும். மராட்டியிலோ இங்கிலீஷிலோ நாலு வார்த்தை கலந்தால் கலக்கட்டும். பாகவதர்களே ஐந்து பாஷை கலந்துதான் சொன்னார்கள்.

வருகிற ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நேரம் இல்லை, ஸ்பான்ஸர்கள் பேச வேண்டும்" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. ஸ்பான்ஸர்களும் பத்து நிமிஷத்தில் ஒரு கதை சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

குழந்தைகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள், சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கும் பாட்டிமார்கள், தாத்தாமார்கள், ஆசிரியர்கள் எல்லோரும் வாசலில் இருக்கும் நோட்டுப் புஸ்தகத்தில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகவும். முதல் பக்கத்தில் என் பேத்தி பெயர் இருக்கிறது. மேடை விளக்கை அவள் பார்த்துக்கொள்வாள்.