ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

சுற்றுலா, ஓட்டல் மேலாண்மை இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



சுற்றுலாவோ ஓட்டல் மேலாண்மையோ படிக்கிற பிள்ளைகிட்ட "படிச்சு முடிச்சு என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்தான் வருகிறது. ஓட்டல் மேனேஜர், ஏர்போர்ட், கப்பல். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் டிகிரி வாங்கிய மறுமாதமே நடக்காது. நடுவில் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் யாரும் அதிகம் பேசியிருக்க மாட்டார்கள். கல்லூரி விளம்பரத்தில் கோட் சூட் போட்டவர் படம்தானே இருந்தது?

சமையலறையில் சேர்ந்தால் முதல் படி கமி 3. பிறகு கமி 2, கமி 1, டெமி ஷெஃப், ஷெஃப் டி பார்ட்டி, சூ ஷெஃப். அதற்கும் மேலேதான் நீங்கள் டிவியில் பார்க்கும் ஷெஃப். ஆரம்பத்தில் வெங்காயம் நறுக்குவதும் குளிர் அறையில் சரக்கு எண்ணுவதும்தான் வேலை. ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தால் பெரிய ஓட்டல்களில் ஒரு ஷிஃப்டுக்கு 12 முதல் 15 அறைகள் வரைக்கும் தயார் செய்ய வேண்டியிருக்கும். இங்கேதான் வீட்டில் சண்டை வருகிறது. "பாத்ரூம் கழுவவா உன்னைப் படிக்க வெச்சேன்?" பெற்றோர்களே, ஓட்டல் விற்பதே அந்த அறையைத்தான். அறையைத் தெரியாத மேனேஜரைக் கீழே வேலை செய்பவர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை வேலையை விட்டுட்டு வந்து நிற்பதற்குப் பல நேரம் களைப்பு காரணமில்லை, வீட்டில் கேட்ட அந்த ஒரு கேள்விதான் காரணம்.

அதற்காக ஓட்டல்காரர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. டிரெய்னி என்று பெயர் வைத்து, ஆறு மாதமும் தட்டு துடைக்க மட்டும் விட்டால் அது பயிற்சி ஆகாது. முன் அலுவலகம், ஹவுஸ்கீப்பிங், உணவு பரிமாறல், சமையலறை நான்கிலும் சுற்றி வர விடுவீர்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று, லீவு. ஊருக்கு லீவு என்றால் நமக்கு வேலை. மே மாதம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும், சாரல் நாளில் குற்றாலத்திலும் லீவு கேட்டுப் பாருங்கள், தெரியும். பொங்கலுக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள். இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது. பெண் பிள்ளைகள் இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா, தங்குமிடம் எங்கே என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சம்பளம். இதில்தான் அதிக ஏமாற்றம். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. 18,000 என்று இருந்தால் கைக்கு 18,000 வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 16,000, அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், நிறுவனம் உங்கள் பி.எஃப். கணக்கில் கட்டும். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சி.டி.சி. கிட்டத்தட்ட 18,000 ஆகிறது. உங்கள் பங்காக இன்னொரு 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமாக 120 ரூபாயும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 14,440. சாப்பாடு, ஹாஸ்டல் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். தொழில் வரி தனி.

பிடித்த பணம் எங்கும் போய்விடாது, கட்டினார்களானால்! கட்டினார்களா என்று பார்க்க உங்கள் கையில் போன் இருக்கிறது. யு.ஏ.என். எண்ணை வாங்கி உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதம் ஒருமுறை பாருங்கள். சம்பள ரசீதில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் மனிதவளப் பிரிவில் உடனே கேளுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

கடைசியாகக் கப்பலும் வெளிநாடும். நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுவது இங்கேதான் நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பாருங்கள். சொகுசுக் கப்பல் என்றால் விதி வேறு. அங்கே ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்கென்று அவர்கள் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "மூணு லட்சம் கட்டு, அடுத்த மாசம் கப்பல் ஏறலாம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே போனை எடுத்து அந்தப் பட்டியலைத் தேடுங்கள்.

சரி, நான் ரொம்ப நேரம் பேசிட்டேன். கேள்விகளுக்குப் போகலாம். பின்வரிசையில் கை தூக்கின தங்கச்சி, மைக்கை வாங்கிக்கோங்க.